ஏணியைச் சுமப்பவரின் பொறுப்பு

எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர் என இருவருக்கிடையே நிகழ்வதே எழுத்து என்று நாம் இதுநாள்வரை எண்ணி வந்தோம். ஓலையில் எழுதினாலும் அச்சில் ஏற்றினாலும் மறுமுனையில் ஒரு மனிதர் அமர்ந்து வாசிக்கிறார், வாசித்ததை எடைபோடுகிறார், ஏற்கிறார் அல்லது தள்ளுகிறார். எழுதியவரின் பொறுப்பு எங்கே முடிகிறது, வாசித்தவரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அறநெறி இறையியல் பல நூற்றாண்டுகளாகச் சிந்தித்து வந்துள்ளது. ஆனால், மறுமுனையில் மனிதரே இல்லாத ஓர் எழுத்து இன்று பிறந்திருக்கிறது. அதை வாசிப்பது இயந்திரம். வாசித்தவுடன் செயலில் இறங்குவதும் அதே இயந்திரம். அத்தகைய எழுத்தை எழுதுபவரின் அறப்பொறுப்பு யாது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வினா.

பொதுப்படையாகப் பேசினால் இவ்வினா காற்றில் கலந்துவிடும். ஆகவே, பழைய குருமடப் பாடநூல்கள் செய்ததைப் போல, ஒரு மனச்சான்று வழக்கை முன்வைத்துச் சிந்திப்போம். அந்நூல்கள் தீசியுஸ், காயுஸ் என்னும் கற்பனைப் பெயர்களைக் கொண்டு வழக்குகளை அமைக்கும். நாம் பெயர் எதுவும் வையாமல் 'எழுத்தர்' என்றே அழைப்போம்.

எழுத்தர் கணினித்துறையில் பணிபுரிபவர். மென்பொருள்களுக்குப் பயன்பாட்டுக் குறிப்புகள் எழுதுவது அவருடைய தொழில். அமெரிக்க நிறுவனம் ஒன்று விளையாட்டுப் பந்தய விகிதங்களைத் திரட்டித் தரும் ஒரு கருவியை உருவாக்கியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு முகவர்கள் அக்கருவியைப் பயன்படுத்தும் வண்ணம் அதற்குரிய குறிப்புகளை எழுதித் தருமாறு அவரைப் பணிக்கிறது. அவர் பந்தயம் கட்டுபவர் அல்லர். பந்தயம் நடத்துபவரும் அல்லர். எழுதித் தருபவர் மட்டுமே. அவர் எழுதலாமா? எழுதினால் எப்படி எழுத வேண்டும்?

கருவியும் குறிப்பும்

வழக்கின் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விளையாட்டுப் பந்தயங்களைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்தது. 2018 மே 14 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அதன்பின் மாநிலம் மாநிலமாகப் பந்தயம் சட்ட ஏற்பைப் பெற்றது, கைப்பேசிக்குள் புகுந்தது. ஓர் ஆட்டத்தில் யார் வெல்வார், எத்தனை புள்ளி வேறுபாட்டில் வெல்வார், இரு அணிகளும் சேர்ந்து எத்தனை புள்ளிகள் எடுக்கும் என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி விகிதம் சொல்லும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவ்விகிதங்கள் நொடிக்கு நொடி மாறும். அவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டிக் கேட்டவுடன் தருவதே நாம் சொல்லும் கருவி.

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது கேள்விக்கு விடை சொல்வதோடு நின்றுவிடாத மென்பொருள். தனக்கு இடப்பட்ட பணியை முடிக்கும் பொருட்டு எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்று அதுவே தேர்ந்து, கிடைத்த விடையை வைத்து அடுத்த படியை எடுத்து வைக்கும். இத்தகைய கருவிகளை முகவர்களோடு இணைப்பதற்கான பொது நெறிமுறைகளும் வந்துவிட்டன. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' அவற்றுள் ஒன்று. இந்நெறிமுறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அதற்கு என்னென்ன விவரங்கள் தரவேண்டும் என்ற பட்டியல், அது என்ன செய்யும் என்பதைச் சாதாரண மனித மொழியில் சொல்லும் ஒரு விளக்கம் ஆகியவை அமைகின்றன. முகவர் அந்த விளக்கத்தை வாசித்தே கருவியை அழைப்பதா வேண்டாவா என்று முடிவு செய்கிறது. எழுத்தரின் வேலை இந்த விளக்கத்தை எழுதுவதே.

நான்கு வரி விளக்கந்தானே, அதில் என்ன அறம், என்ன மறம் என்று தோன்றலாம். பொறுத்துப் பார்ப்போம்.

பந்தயம் தன்னளவில் தீமையா?

சீட்டுப் போடுதல் விவிலியத்தில் இரண்டு இடங்களில் நம் கருத்தைக் கவர்கிறது. யூதாசின் இடத்திற்கு மத்தியா சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிலுவையின் அடியிலும் படைவீரர் ஆண்டவரின் அங்கிக்காகச் சீட்டுப் போட்டனர். செயல் ஒன்றே. முன்னது இறைவேண்டலோடு இறைவனின் திருவுளத்தைத் தேடியது. பின்னது துன்புறும் ஒருவரின் கண்முன்னே அவருடைய உடைமையைப் பங்கிட்டது. தற்செயலுக்கு இடம் கொடுப்பது தன்னளவில் தீமையன்று. எதற்காக, யாருடைய இழப்பில் என்பதே அதன் அறத்தை முடிவு செய்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2413-ஆம் எண்ணில் இதையே போதிக்கிறது. தற்செயல் ஆட்டங்களும் பந்தயங்களும் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல. ஒருவரது தேவைக்கும் அவரைச் சார்ந்தோரின் தேவைக்கும் உரியதை அவை பறிக்கும்போது அறநெறியால் ஏற்கத்தகாதவை ஆகின்றன. சூதின் மீதுள்ள வேட்கை மனிதரை அடிமைப்படுத்தும் ஆபத்துடையது. ஏமாற்றும் நேர்மையற்ற பந்தயமும் கனமான குற்றமாகும் என்பது அதன் சாரம். நம் வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்திருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது. மயக்கத்திற்கும் நோய்க்கும் இடையே அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

அறநெறி நூலாசிரியர்கள் நேரிய பந்தயத்திற்குச் சில நிபந்தனைகளை வகுத்தனர். பணயம் வைப்பவருக்கே உரியதாய் இருக்க வேண்டும், இருவரும் முழு விடுதலையோடு உடன்பட வேண்டும், வஞ்சகம் கூடாது, இரு தரப்புக்கும் வாய்ப்பு ஏறத்தாழச் சமமாய் இருக்க வேண்டும். இந்த நான்காவது நிபந்தனையை இன்றைய பந்தய விகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்க முறையில் சமபலமுள்ள இரு அணிகளுக்கும் பெரும்பாலும் கழித்தல் 110 என்ற விகிதமே தரப்படும். அதன் பொருள், 100 டாலர் வெல்ல 110 டாலர் வைக்க வேண்டும் என்பது. இதைச் சதவீதமாக மாற்றினால், ஒவ்வோர் அணியும் வெல்லும் வாய்ப்பு 52.38 என்று வரும். இரண்டையும் கூட்டினால் 104.76. நூற்றுக்கு மேல் வாய்ப்பு என ஒன்று உலகில் இல்லை. மிகுந்து நிற்கும் அந்த நான்கே முக்காலில்தான் பந்தய நிறுவனத்தின் கூலி அடங்கியிருக்கிறது. இருபுறமும் ஒவ்வொருவர் 110 வைத்தால் வந்த 220-இல் வென்றவருக்கு 210 போகும். 10 டாலர் நிறுவனத்தின் பெட்டியில் தங்கும்.

ஒரு பந்தயத்தில் இது சிறு தொகை. பாதிக்குப் பாதி சரியாகக் கணிக்கும் ஒருவர் இவ்வாறு ஆயிரம் முறை பந்தயம் கட்டினால் அவர் வைத்தது 1,10,000 டாலர். சராசரியாக இழப்பது 5,000 டாலர். மனிதர் ஆயிரம் பந்தயம் கட்ட நாளாகும். நடுவே உறக்கம் உண்டு, மனைவியின் கேள்வி உண்டு, பையின் வெறுமை உண்டு. முகவருக்கு இவை எவையும் இல்லை. அமெரிக்கச் சூதாட்டத் தொழிலமைப்பின் கணக்கின்படி 2024-இல் அந்நாட்டில் விளையாட்டுப் பந்தய நிறுவனங்களின் வருவாய் சுமார் 1,370 கோடி டாலர். பந்தயம் கட்டியோர் வைத்ததில் திரும்பி வராததே அவர்களின் வருவாய் என்பதை நாம் மறக்கலாகாது.

ஏணி சுமந்த பணியாளன்

எழுத்தர் இதில் எங்கே நிற்கிறார்? இக்கேள்விக்கு விடை தேட 17-ஆம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும். தலைவன் ஒருவன் ஒரு பெண்ணைக் கெடுக்கும் நோக்கத்தோடு பலகணி வழியே ஏறுகிறான். அவனுடைய பணியாளன் அதை அறிந்தே தோள் கொடுக்கிறான். ஏணி சுமந்து வருகிறான். கதவு திறந்து விடுகிறான். வேலை போய்விடும், அடி விழும் என்ற அச்சத்தால் அவன் அவ்வாறு செய்தால் அது சாவான பாவமாகாது என்று சில நூலாசிரியர் எழுதினர். திருத்தந்தை பதினொன்றாம் இன்னசென்ட் காலத்தில், 1679-ஆம் ஆண்டு, திருச்சபை கண்டித்த அறுபத்தைந்து கூற்றுகளுள் இதுவும் ஒன்று. வேலைக்காரன் என்பதால் மட்டும் ஒருவருக்கு மனச்சான்று இல்லாமற் போகாது என்பது அக்கண்டனத்தில் வெளிப்படும் உண்மை.

புனித அல்போன்சு லிகோரியார் இச்சிக்கலை ஆழ்ந்து ஆராய்ந்தார். பிறருடைய தீச்செயலில் உளமிசைந்து, அதன் நோக்கத்தையே தம் நோக்கமாக்கிக்கொண்டு ஒத்துழைப்பது வேறு. நோக்கத்தில் உடன்படாமல், நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடிய ஒன்றைச் செய்து தருவது வேறு. முன்னது எப்போதும் குற்றம். பின்னது, தகுந்த காரணம் இருந்தால் பொறுக்கத்தக்கது. அக்காரணத்தின் கனத்தை அளக்கச் சில கேள்விகளைப் பிற்கால ஆசிரியர்கள் நமக்குத் தருகின்றனர். நம் செயல் தீமைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது? நாம் இல்லாமல் அது நடக்குமா? விளையும் தீங்கு எவ்வளவு பெரிது? நாம் விலகினால் நமக்கு நேரும் இழப்பு எவ்வளவு?

எழுத்தர் பந்தயத் தொழிலின் ஆதாயத்தையே விரும்பி, மக்கள் மேலும் மேலும் பணயம் வைக்க வேண்டும் என்ற உள்ளத்தோடு எழுதினால் அவருடைய ஒத்துழைப்பு முதல் வகை. தம் குடும்பத்தைக் காப்பாற்றக் கொடுக்கப்பட்ட பணியைச் செய்கிறார் என்றால் இரண்டாம் வகை. ஆனால் இரண்டாம் வகை என்றவுடன் வழக்கு முடிந்துவிடுவதில்லை. அருகா, தொலைவா என்ற கேள்வி எஞ்சுகிறது.

குறிப்பா, கட்டளையா?

இங்கேதான் நம் காலத்தின் புதுமை நுழைகிறது. மனிதருக்காக எழுதப்படும் பயன்பாட்டுக் குறிப்பு அறிவைத் தருகிறது, அவ்வளவே. அறிவுக்கும் செயலுக்கும் நடுவே வாசிப்பவரின் சுதந்திரம் ஒரு வாயிற்காவலனாக நிற்கிறது. எனவே பழைய நூலாசிரியர்கள் குறிப்பெழுதுபவரைத் தொலைவில் நிறுத்தியிருப்பர். முகவருக்காக எழுதப்படும் குறிப்போ வேறு. 'பயனர் ஆட்டங்களைப் பற்றிக் கேட்டால் இக்கருவியை அழைத்து மிகச் சிறந்த பந்தயத்தைத் தேர்ந்து தருக' என்று எழுத்தர் எழுதினால், அது வருணனை போலத் தோன்றும் கட்டளை. தன் அணி நேற்று வென்றதா என்று மட்டும் கேட்க வந்த ஓர் இளைஞனுக்கும் முகவர் பந்தய விகிதத்தை நீட்டக்கூடும். அவன் கேளாத கதவைத் திறந்துவிட்டது எழுத்தரின் ஒற்றை வாக்கியம். எழுத்தும் செயலும் நெருங்க நெருங்க, எழுதியவரும் ஏணியின் அடிப்படியை நெருங்குகிறார்.

முகவர்தானே முடிவு செய்தது என்று அவர் கைகழுவ முடியாது. திருத்தந்தை பிரான்சிசு 2024 ஜூன் 14 அன்று இத்தாலியில் நடந்த ஜி-7 மாநாட்டில் பேசியபோது, முடிவெடுக்கும் பொறுப்பு எப்போதும் மனிதரிடமே இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். வத்திக்கான் 2025 சனவரியில் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் குறிப்பும் அறப்பொறுப்பு ஏற்கும் தன்மை மனிதருக்கே உரியது, இயந்திரத்துக்கு அன்று என்று தெளிவுபடுத்துகிறது. இயந்திரம் பொறுப்பேற்காது என்றால் அதன் செயலில் உள்ள பொறுப்பு முழுவதும் அதைச் சூழ்ந்து நிற்கும் மனிதர்களுக்கே திரும்பி வருகிறது. உருவாக்கியவர், விற்றவர், ஏவியவர், குறிப்பெழுதியவர் என ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு.

நான் எழுதாவிட்டால் இன்னொருவர் எழுதுவார் என்ற வாதமும் எழும். ஏணி சுமந்தவனும் அதைச் சொல்லியிருக்கலாம். இன்னொருவர் செய்வார் என்பது தீங்கின் அளவை மதிப்பிட உதவலாம். என் கை செய்த செயலை இன்னொருவருடைய கைக்கு அது மாற்றிவிடாது.

எழுத்தர் செய்யத்தக்கவை

ஆயினும் கருவி முழுவதையும் தீமை என்று ஒதுக்குவது நீதியாகாது. பந்தய விகிதங்களின் வழக்கத்திற்கு மாறான அசைவுகளைக் கொண்டே ஆட்ட முடிவுகளை விலைக்கு வாங்கும் சதிகள் பல கண்டறியப்படுகின்றன. சூதாட்ட அடிமைத்தனத்தை ஆராய்பவர்க்கும் இதழாளர்க்கும் இத்தரவுகள் தேவை. தரவைப் படித்துக் காட்டும் கருவி வேறு. பயனருடைய பணத்தை எடுத்துத் தானே பந்தயம் கட்டும் கருவி வேறு. முன்னதற்குக் குறிப்பெழுதுவது, ஒழுங்கான எண்ணத்தோடும் உண்மையோடும் செய்யப்படுமானால், மனச்சான்றோடு செய்யக்கூடிய வேலையே என்பது நம் துணிபு. பின்னதற்கு, அதுவும் மனிதரின் உடன்பாட்டைக் கேளாமல் இயங்கும் கருவிக்கு, எழுதுவதை அவர் மறுக்க வேண்டும்.

எழுத முடிவு செய்தவர் மேல் வேறு கடமைகள் விழுகின்றன. முதலாவது, விகிதம் வேறு, உண்மையான வாய்ப்பு வேறு என்பதையும், இரண்டுக்கும் இடையே நிறுவனத்தின் கூலி அடங்கியிருப்பதையும் குறிப்பிலேயே எழுத வேண்டும். அதை எழுதாவிட்டால், முகவர் 52.38 என்ற எண்ணை வெற்றிவாய்ப்பாகவே பயனரிடம் சொல்லக்கூடும். இரண்டாவது, ஒவ்வொரு விகிதமும் எந்நேரத்தில் பெறப்பட்டது என்பதைக் காட்டவும், பழைய விகிதத்தைப் புதியதாகக் காட்டாதிருக்கவும் வழிசெய்ய வேண்டும். மூன்றாவது, பயனர் பந்தய விகிதத்தை வெளிப்படையாகக் கேட்டாலன்றி இக்கருவியை அழைக்கலாகாது என்று வரம்பிட வேண்டும். நான்காவது, 'உறுதியான இலாபம்', 'இழப்பில்லாப் பந்தயம்' போன்ற சொற்களை நிறுவனமே கேட்டாலும் எழுதலாகாது, அது பொய்ச்சான்று. ஐந்தாவது, பணத்தை அசைக்கும் எந்தச் செயலுக்கும் முன்னே ஒரு மனிதரின் தெளிவான சம்மதம் வேண்டும் என்று குறிக்க வேண்டும். எழுத்தளவில் மட்டுமன்றி மென்பொருளிலேயே அத்தடை அமையவேண்டும் என்று பொறியாளரிடம் வாதாடவும் வேண்டும். ஏனெனில் எழுதப்பட்ட வரம்பை முகவர் சில வேளைகளில் மீறும்.

இவற்றை நிறுவனம் ஏற்காவிடில்? அப்போதுதான் வேலையா, மனச்சான்றா என்ற கடினமான இடம் வருகிறது. முதிய பெற்றோர், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், வீட்டுக் கடன் ஆகியவை சிறு காரணங்கள் அல்ல. உடனே வேலையை விட்டெறிய வேண்டும் என்று எளிதாகச் சொல்லும் உரிமை, அச்சுமையைச் சுமக்காத நமக்கு இல்லை. வேறு வேலை தேடும்வரை உண்மைக்கு மாறானதை எழுதாமல், செய்யக்கூடிய அளவு தீங்கைக் குறைத்துக்கொண்டு அவர் பணியில் தொடரலாம். ஆனால் அந்த 'வரை' என்ற சொல் ஆண்டுக்கணக்கில் நீண்டு, உறுத்தல் ஆறிப்போய், இறுதியில் உளமிசைந்த ஒத்துழைப்பாகவே மாறிவிடக்கூடும். மனச்சான்று மரத்துப்போவது ஒரே நாளில் நிகழ்வதன்று.

நாட்டுச் சட்டமும் கூட ஒத்துழைப்பைக் காணத் தவறவில்லை. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பண ஆட்டங்களை நடத்துவோர்க்கு மட்டுமன்றி, விளம்பரம் செய்வோர்க்கும் பணப் பரிமாற்றத்திற்கு வழிசெய்வோர்க்கும் தண்டனை வகுத்திருக்கிறது. ஆட்டத்தில் பணம் இழந்தவரை அது தண்டிக்கவில்லை. ஏறுபவனோடு ஏணி சுமப்பவனையும் சட்டம் பார்க்கிறது. இருப்பினும் சட்டம் எட்டாத இடங்கள் பல. வேற்று நாட்டில், அந்நாட்டுச் சட்டப்படி நடக்கும் தொழிலுக்கு இங்கிருந்து எழுதித் தரும் ஒருவரைச் சட்டம் ஒன்றும் கேளாதிருக்கலாம். கடல் கடந்த வீட்டில் காலியாகும் பையும் ஒரு குடும்பத்தின் பையே. நாம் காணாத அயலாரும் நம் அயலாரே.

இந்த வழக்கை எழுத்தரின் தோளிலேயே முழுவதும் சுமத்திவிடலாகாது. நல்ல சம்பளம் என்ற ஒரே அளவுகோலால் பிள்ளைகளின் வேலையைப் பாராட்டும் பெற்றோர், என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு முறையேனும் பரிவோடு கேட்கலாம். மனச்சான்றுக்காக ஒரு வாய்ப்பை மறுத்து வந்தவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று எள்ளாமல், அவருக்கு இன்னொரு வாய்ப்பைத் தேடித் தர நம் அன்பியங்கள் முன்வரலாம். அறத்தைத் தனி ஒருவர் தாங்குவது கடினம். பலர் தோள் கொடுத்தால் எளிது. ஏணிக்கு மட்டுந்தான் தோள் கொடுக்க வேண்டும் என்பதில்லை.

அன்புள்ள வாசகரே, நம்மில் பெரும்பாலோர் இத்தகைய குறிப்புகளை எழுதப் போவதில்லை. ஆயினும் கணக்கெழுதுகிறோம், சான்றிதழில் கையொப்பமிடுகிறோம், விளம்பரத்திற்குச் சொல் தருகிறோம், பிறர் அனுப்பியதை மற்றவர்க்கு அனுப்புகிறோம். அவை எங்கே சென்று யாருடைய வாழ்வைத் தொடுகின்றன என்பதை நாம் காண்பதில்லை. எழுதி முடித்த பின் கையொப்பமிடும் முன் ஒரு கணம் நின்று, இதன் மறுமுனையில் இருப்பவர் யார், இதனால் அவர் பெறுவது என்ன, இழப்பது என்ன என்று கேட்டுக்கொள்ள நம்மால் இயலும். இயந்திரம் அந்த ஒரு கணத்தை அறியாது. அது நமக்கு மட்டுமே தரப்பட்டிருக்கிறது.